உயிர்ச்சத்து நுழையும் வாசல்

என் தம்பி மகளுக்கு நான்கு வயது நிறைந்த ஆண்டில், பெயர் சொல்லி அழைத்தால் அவள் திரும்பாதவளானாள். முதலில் அதைக் குறும்பென்று எடுத்துக்கொண்டோம். திருவரங்கத்தில் எங்கள் வீடு இருக்கும் அடையவளஞ்சான் தெருவில் விடிந்ததிலிருந்தே ஆட்டோக்களின் ஒலியும், வெளியூர் வண்டிகளுக்கு இடம் காட்டுவோரின் கூவலும் ஓய்வதில்லை. அந்த இரைச்சலுக்குள் வளரும் பிள்ளை ஒரு குரலைப் பொருட்படுத்தாமல் விடுவதில் வியப்பென்ன?

“அப்பனுக்குத் தப்பாத பொண்ணு. அவனும் இந்த வயசுல வேலை சொன்னா காது கேக்காதவன்தான்,” என்றார் என் தந்தை.

“நான் என்னப்பா வேலை சொன்னேன்? ஐஸ்கிரீம் வேணுமான்னு கேட்டேன்,” என்றான் தம்பி.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

செவிப் பரிசோதனை செய்தவர், காதில் குறையில்லை, காதிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பில்தான் தளர்ச்சி என்றார். அதன் பொருள் எங்களுக்கு விளங்குவதற்குள் வேறு சிலவும் நிகழ்ந்தன. அவள் குரல் மூக்கின் வழியே வரத் தொடங்கியது. குடித்த பால் சில வேளைகளில் மூக்கில் ஏறியது. கரண்டி கையிலிருந்து நழுவியது. மாலையானால் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும்; அதைத் தூக்கி நிறுத்துவது பெரிய பாரமொன்றைத் தூக்குவதுபோல் அவளுக்கு இருந்தது. பிறகு ஒரு சாதாரணச் சளி பிடித்தது. அன்று பிற்பகல், தம்பியின் மனைவி குழந்தையின் சட்டையை உயர்த்தி, தன் கணவனின் அக்காவான என்னிடம் காட்டினாள்.

“அண்ணி, இங்க பாருங்க. மூச்சு இழுக்கறப்ப வயிறு மேலதான வரணும்? இவளுக்கு உள்ள போகுது.”

மூச்சு என்பதை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மார்பு விரிய முயன்றது. வயிறோ குழிந்து உள்ளே போனது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருந்தன. உடனே ஆட்டோ பிடித்துத் திருச்சி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். காவிரிப் பாலத்தில் போக்குவரத்து நெரிசல். ஆட்டோ ஊர்ந்த நேரமெல்லாம் நாங்கள் அந்தச் சிறு வயிற்றைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அந்த மருத்துவமனையின் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் என்னைவிட இளைய பெண். விரைந்து பேசுவார்; பேசும்போதே குழந்தையின் நாக்கையும் முழங்காலையும் விரல்நுனிகளையும் பார்த்துவிடுவார். உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே விரிந்து மூச்சை இழுக்கும் தசை, சோர்ந்துவிட்டது என்றார். முகத்தில் பொருத்திய கவசத்தின் வழியாக ஓர் எந்திரம் அவளுக்குள் காற்றைச் செலுத்தத் தொடங்கியது. மூக்கு வழியே இரைப்பைவரை உணவுக்குழாய் ஒன்றும் இறங்கியது. இவற்றுக்கிடையே, நடந்துகொண்டே அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று இது:

“சொந்தத்துல கல்யாணமா?”

“இல்லைங்க டாக்டர், அசல்தான்,” என்றான் தம்பி.

“அசல்தான்மா. அவங்க தொட்டியம், நாங்க மருங்காபுரி. குலதெய்வமே வேற,” என்று என் தந்தையும் உறுதி செய்தார்.

மருத்துவர் தலையசைத்துக்கொண்டே மேலே போனார். அந்த விடையில் பொய் ஒன்றுமில்லை என்றே அங்கிருந்த நாங்கள் அனைவரும் நம்பினோம்.

முதலில், உடலின் காவல் வழிதவறித் தன் நரம்பையே தாக்கும் நோயாக இருக்கலாம் என்று எண்ணி அதற்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பயனில்லை. குழந்தைகளின் தசையை வலுவிழக்கச் செய்யும் நோய்களில் அதிகம் காணப்படும் ஒன்றிற்கான மரபணுச் சோதனையும் செய்தார்கள். அந்த மரபணு நலமாகவே இருந்தது. இதற்குள் எந்திரத்தை ஒரு மணிப்பொழுதுகூட விலக்க முடியாத நிலை வந்துவிட்டது. கவசம் அழுத்திய இடத்தில் அவள் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாயிற்று. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதைப் பற்றி யோசித்து வைக்குமாறு மருத்துவர் சொன்னார்.

“போட்டா, எப்ப எடுப்பீங்க?” என்று தம்பி கேட்டான்.

“என்ன நோய்னு தெரிஞ்சா சொல்றேன்,” என்றார் அவர்.

அந்தச் சொல்லில் இருந்த நேர்மை எங்களை மேலும் அச்சுறுத்தியது. எல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது: நோயின் பெயர் தெரிந்தால் ஒரு வழி உண்டு, தெரியாவிட்டால் அந்தச் சிறு கழுத்தில் ஒரு துளை, அதற்கப்பால் என்னவென்று எவராலும் சொல்ல இயலாது.

தம்பி மனைவியின் தந்தை அன்றுதான் தொட்டியத்திலிருந்து வந்து சேர்ந்தார். வாழை பயிரிடுபவர். பேத்திக்காக ஏலக்கி வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து, வாயிற்காவலரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, ஐசியூவுக்குத் தார் எல்லாம் எடுத்துட்டுப் போக முடியாது.”

“ஐசியூக்குள்ள எதுக்குய்யா கொண்டு போறேன்? நீ ரெண்டு சீப்பு எடுத்துக்க. மிச்சத்தை ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடு. எம் பேத்தி நாளைக்கு எந்திரிச்சிருவா, அப்ப வேற வெட்டிட்டு வரேன்.”

நாளைக்கு எழுந்துவிடுவாள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கவசம் அணிந்து கிடந்த குழந்தையைப் பார்த்ததும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சற்றுநேரத்தில் மருத்துவர் எங்கள் அனைவரையும் பக்கத்து அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். குடும்பத்தின் வம்சாவளியை அவர் வரைய வேண்டுமாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அடியில் ஒரு வட்டம் போட்டு அதைக் கருமையாக நிரப்பினார். அது எங்கள் குழந்தை.

“மறுபடியும் முதல்லேர்ந்து கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பாப்பாவோட அப்பாவும் அம்மாவும் எந்த வழியிலயாவது சொந்தமா?”

“அசல்,” என்றார் என் தந்தை.

தொட்டியத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். “என்ன மச்சான், டாக்டர்கிட்டயுமா?”

“சம்பந்தின்னு கூப்பிடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“எப்படிக் கூப்பிட்டா என்ன? உங்கப்பாவும் எங்கம்மாவும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே?”

மருத்துவரின் பேனா நின்றது. “யாரும் யாரும்?”

இதை இங்கே சற்று விளக்க வேண்டும். என் தந்தையின் தந்தை பிறந்தது தொட்டியத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே, மருங்காபுரியில் மானாவாரி நிலம் வைத்திருந்த, பிள்ளையில்லாத ஒரு குடும்பத்துக்கு அவரைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் நீர்வார்த்துக் கொடுக்க, வளர்ப்பவர்கள் மடியில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நொடியிலிருந்து அவருக்கு ஊரும் குலதெய்வமும் பங்காளிகளும் மாறிவிட்டன. பெற்ற தாய் இறந்தபோதும் அவருக்குத் தீட்டில்லை. தொட்டியத்தில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கையின் மகன்தான் இப்போது எங்களெதிரே துண்டோடு உட்கார்ந்திருந்தவர். பல்லாண்டுகள் கழித்து, சாதகம் பொருந்தி வந்ததால் அவர் மகளை என் தம்பிக்கு மணம் பேசினோம். தொட்டியத்தார் பழைய உறவைச் சொல்லி மகிழ்ந்தார்கள். என் தந்தை மட்டும் முகம் இறுகினார். அது உறவென்றால், தம் தந்தையைத் தத்தெடுத்தவர்களின் உரிமை அரைகுறையானது என்றாகிவிடும். அதை அவரால் தாங்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் யார் கேட்டாலும் விடை ‘அசல்’ என்பதே. அந்த வழக்கத்தின்படியே தம்பியும் சொன்னான். நானும் உடனிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டாக்டரம்மா, அவரு சொல்றது நிஜந்தான்,” என்றார் என் தந்தை. “ஆனா அது முடிஞ்ச கதை. தாரை வாத்துக் குடுத்தப்புறம் அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. கேட்டா அசல்னுதான் சொல்லணும்.”

“யார் கேட்டா ஐயா?”

“யார் கேட்டாலும்.”

“நான் கேட்டாலுமா?”

மருத்துவர் தாளின் உச்சியில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் இட்டு, அவற்றினின்று என் பாட்டனாருக்கும் அவர் தங்கைக்கும் கோடுகளை இறக்கினார். பாட்டனாரின் சதுரத்துக்கு இருபுறமும் அடைப்புக்குறி போட்டார். அப்பால் மருங்காபுரித் தம்பதியரை வரைந்து, அவர்களிடமிருந்து பாட்டனாருக்குப் புள்ளிகளால் ஒரு கோடு இழுத்தார். தத்துப் பிள்ளையை இப்படித்தான் காட்டுவது வழக்கமாம்: பெற்றவர்களுக்கு முழுக்கோடு, வளர்த்தவர்களுக்குப் புள்ளிக்கோடு.

“என்னம்மா இது?” என் தந்தை புள்ளிகளின்மேல் விரலை வைத்தார். “எங்கப்பாவுக்குச் சோறு போட்டு வளத்தவங்களுக்குப் புள்ளியா? பெத்துத் தூக்கிக் குடுத்தவங்களுக்கு முழுசா கோடா?”

“ஐயா, இந்தப் படம் யாரு வளத்தாங்கன்னு கேக்கல. எது வழியா வந்துச்சுன்னுதான் கேக்குது.”

“அப்ப எங்க பாட்டன் பாட்டிக்கு இதுல வேலையே இல்லையா?”

“இல்லாம? அவங்க வளக்கலைன்னா இந்தப் புள்ளிக்குக் கீழ ஒருத்தரும் இல்ல. நீங்களும் இல்ல, பாப்பாவும் இல்ல.”

தந்தை அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் என் தம்பியையும் அவன் மனைவியையும் இணைத்த கோட்டுக்கு அடியில் இன்னொரு கோட்டை இழுத்து இரட்டையாக்கினார்; உறவுக்குள் நடந்த மணத்துக்கு அதுவே குறி. பிறகு தொட்டியத்துக்காரர் பக்கம் திரும்பினார்.

“உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது இந்த மாதிரி?”

அவர் துண்டை மடித்தார்; பிரித்தார். “எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. நல்லா ஓடியாடிட்டிருந்தவதானாம். காது மந்தமாச்சு. அப்புறம் சோறு முழுங்க முடியல. எங்கம்மா மடியிலயே மூச்சுத் தெணறி… தெய்வக் குத்தம்னாங்க. நான் பாத்ததில்ல, அம்மா சொல்லிக் கேட்டதுதான்.”

“உங்கப்பா அம்மா சொந்தமா?”

“மாமன் மவன், அத்த மவதான்.”

மருத்துவர் தொட்டியத்துக்காரரின் சதுரத்துக்கு அருகில் ஒரு வட்டம் போட்டு அதையும் கருமையாக நிரப்பினார். தாளில் இப்போது இரண்டு கரிய வட்டங்கள். தமக்குள் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்: “காது, முழுங்கறது, மூச்சு. அங்கயும் அதே வரிசை.” உடனே எழுந்து நின்றார். அவர் கண்களில் அதுவரை நான் காணாத ஒளி தெரிந்தது.

அன்று அவர் சொன்னதை என் மொழியில் இவ்வாறு எழுதலாம். தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருந்து ஒவ்வொரு தசைக்கும் ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் உள்ளன. உடலின் உயிரணுக்களுள் மிக நீண்டவை அவை. ஆகவே உணவும் ஆற்றலும் மிகுதியாகக் கேட்பவை. குழந்தைப் பருவத்தில் அவை அழிவதற்குக் காரணம் ஒன்றன்று. பல மரபணுக்கள், பலவகைப் பழுதுகள். எங்கள் குழந்தைக்கு முதலில் சோதித்துப் பார்த்த மரபணு, அந்த அணு உயிரோடிருக்கத் தேவையான ஒரு புரதத்தை ஆக்குவது. வியப்பு என்னவென்றால், மனித உடல் அதற்கு ஏறத்தாழ ஒத்த இன்னொரு படியையும் அருகிலேயே வைத்திருக்கிறது. அந்தப் படி அரைகுறையாக உழைப்பது. அதைத் தட்டியெழுப்பி முழுமையாக உழைக்கச் செய்யும் மருந்தை மனிதர் கண்டுபிடித்துவிட்டார்கள். வேறொரு மரபணு, நீண்ட நரம்பிழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரக்கு சுமப்பது. இன்னொன்று பழுதானால் முதலில் வீழ்வது உதரவிதானம். அதற்கு இன்னும் மருந்தில்லை. பழுது எங்கே நேர்ந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: துவண்ட ஒரு குழந்தை.

“உங்க பாப்பாவுக்கு நான் சந்தேகப்படறது இன்னொண்ணு,” என்றார் மருத்துவர். “ரிபோஃபிளேவின்னு ஒரு வைட்டமின். பி-டூம்பாங்க. செல்லுக்குள்ள அது தானாப் போகாது. அதுக்குன்னு ஒரு வாசல் இருக்கு. அந்த வாசலைக் கட்டற ஜீன்ல தப்பு இருந்தா, வெளியில எவ்வளவு இருந்தாலும் நரம்பு பட்டினி கெடக்கும்.”

தம்பி மனைவிக்குக் கண்ணீர் பெருகியது. “பாலும் தயிரும் கீரையும் நான் குடுக்காமலா இருந்தேன்?”

“குடுத்தீங்கம்மா. அதனாலதான் நாலு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கா. இப்ப அதையே வெள்ளமா விடப்போறோம். வாசல் சரியா தொறக்காட்டியும், இண்டு இடுக்கு வழியா கொஞ்சம் கசிஞ்சு உள்ள போகும். அது போதும்.”

“டெஸ்ட்டு ரிசல்ட்டு?” என்றான் தம்பி.

“பிளட் அனுப்பறோம். வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. இதுல கெடுதல் கெடையாது. யூரின் மஞ்சளா போகும், அவ்வளவுதான்.”

“இது இல்லைன்னா டாக்டர்?”

அவர் மருந்துச்சீட்டை எழுதித் தம்பியிடம் நீட்டினார். “இல்லைன்னா, மருந்தில்லாத நோயா இருக்கலாம். தொண்டைல குழாய் போடறதைக் கொஞ்சம் தள்ளி வெக்கறேன். ரொம்பத் தள்ள முடியாது.”

தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு புத்தூரிலும் தில்லைநகரிலும் கடை கடையாக அலைந்தான். ஒரு கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, “இவ்வளவா? ஊர்ல எத்தன பேருக்கு சார் வாய்ப்புண்ணு?” என்று சிரித்தாராம். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தம்மிடம் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறொரு கடைக்குத் தாமே தொலைபேசியில் சொல்லியும் வைத்திருக்கிறார்.

செவிலியர் மாத்திரைகளைப் பொடித்து நீரில் கலக்கி உணவுக்குழாயில் செலுத்தினார். அந்த நிறத்தை நான் மறக்கமாட்டேன். கொன்றைப்பூவை அரைத்துக் கரைத்தாற்போன்ற அடர் மஞ்சள். கண்ணாடிபோன்ற குழாயினுள் அது ஒரு நூலாக இறங்கிக் குழந்தையின் மூக்குக்குள் மறைந்தது. வெளிச்சம் பட்டால் இந்தச் சத்து கெட்டுப்போகும் என்று சொல்லி, மீதி மாத்திரைகளைத் துணியால் மூடி வைத்தார் செவிலியர். பாலில் இருப்பது, கீரையில் இருப்பது, நாம் எண்ணிப் பாராமல் உண்பது. அந்த எளிய பொருளுக்காக உடல் ஒவ்வோர் உயிரணுவிலும் தனியாக ஒரு வாசலைக் கட்டி வைத்திருக்கிறது. அந்த வாசலைக் கட்டும் முறையை ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் பதித்தும் வைத்திருக்கிறது. இத்தனை ஏற்பாடுகள் எனக்குள்ளும் ஓசையின்றி நடந்துகொண்டிருப்பதை அறியாமல் இத்தனை காலம் உண்டும் உறங்கியும் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது என் கையை நானே புதிதாகப் பார்த்தேன்.

அடுத்து வந்த நாள்களில் ஒன்றும் நிகழவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தி முடித்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு வருவேன். கண்ணாடிக்கு அப்பால் எந்திரம் ஊதிக்கொண்டிருக்கும். மஞ்சள் நூல் இறங்கிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப் பையும் அதே மஞ்சளாக மின்னும். தொட்டியத்துக்காரர் ஊர் திரும்பவில்லை. அவரும் என் தந்தையும் ஒரே இருக்கையின் இரு முனைகளில் பேச்சின்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் போனபோது இருவருக்கும் இடையே ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. தோல்கள் இரு பக்கமும் கிடந்தன.

காத்திருந்த அந்நாள்களில் என் எண்ணமெல்லாம் பாட்டனாரைச் சுற்றியே இருந்தது. எப்போதோ, காவிரிக்கரையில் பெயர் தெரியாத ஒருவர் உடலில், அந்த வாசலின் அமைப்பில் ஒரே ஒரு சிறு மாற்றம் நேர்ந்திருக்க வேண்டும். அவருக்கு அதனால் ஒரு துன்பமும் வந்திராது. ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவின் இரண்டு படிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வாசலைக் கட்டிவிடும். ஆகவே அந்தப் பழுது யாருக்கும் தெரியாமல், உழுதவர் உடலிலும் நீந்தியவர் உடலிலும் ஒளிந்து வந்திருக்கிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அது பங்காகக் கிடைத்தது. தங்கையிடம் இருந்தது தொட்டியத்திலேயே தங்கிவிட்டது. அண்ணனிடம் இருந்தது தத்துப்போய், வாழைத்தோட்டத்தை விட்டு வறண்ட நிலத்துக்குக் குடியேறி, வேறு தெய்வத்தை வணங்கி, வேறு பங்காளிகளின் பந்தியில் உண்டு, பிறகு எங்களோடு திருவரங்கத்துக்கும் வந்து சேர்ந்தது. நீர்வார்த்துக் கொடுத்தபோது ஊர் மாறியது, உரிமை மாறியது. அந்த நீர் சென்று சேராத ஓர் ஆழத்தில் இது மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. பிரிந்து நடந்த இரண்டும் மீண்டும் சந்தித்த இடம் இந்தக் குழந்தை.

இதில் எவர் மீதும் குற்றம் சாட்ட எனக்குத் தோன்றவில்லை. அதே வழியில்தானே அவள் கண்களும் வந்தன, எங்கள் குடும்பத்துக்கே உரிய அந்த நீண்ட விரல்களும் வந்தன. கொடுப்பது எது, கெடுப்பது எது என்று அறியாமல் எல்லாவற்றையும் ஒரே கையால் வழங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்.

முதல் மாற்றத்தைக் கண்டவள் தம்பி மனைவி. நான் உள்ளே நுழைந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணி, வயித்தைப் பாருங்க. நான் ஆசையில பாக்கறேனா என்னன்னு தெரியல, நீங்க பாருங்க.”

பார்த்தேன். எந்திரம் சற்றே தணிந்திருந்த ஒரு நொடியில், மார்போடு சேர்ந்து வயிறும் மெல்ல மேலெழுந்தது. மிகச் சிறிய எழுச்சி. இலையின் மேல் காற்றுப் பட்டாற்போல. மீண்டும் ஒருமுறை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சைப் பார்த்தோம். மருத்துவர் வந்து நெடுநேரம் உற்று நோக்கினார். நரம்பணுக்கள் எல்லாம் இறந்துவிடவில்லை, பல பசியால் மயங்கிக் கிடந்தவை, அவை விழிக்கின்றன என்றார். தொண்டைக் குழாயைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

எந்திரத்தைப் பகலில் சற்று நேரம் விலக்கினார்கள். பிறகு பகல் முழுதும் விலக்கினார்கள். தலை தலையணையிலிருந்து உயர்ந்தது. ஒருநாள் அவள் இருமினாள். இருமுவதற்குக்கூட வலு வேண்டும் என்பதை அறிந்திருந்த செவிலியர் இருவர், அவ்வொலியைக் கேட்டு ஓடிவந்து கைதட்டினார்கள்.

பரிசோதனை முடிவு அதற்கும் பிறகுதான் வந்தது. மருத்துவர் எண்ணியது சரியே. வாசலைக் கட்டும் மரபணுவின் இரண்டு படிகளிலும் அதே இடத்தில் அதே மாற்றம். தம்பியிடமிருந்து ஒன்று, அவன் மனைவியிடமிருந்து ஒன்று. கேட்கும் திறன் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, காதுக்கருவி வேண்டியிருக்கும், கைகளின் வலுவுக்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டும், மாத்திரையை வாழ்நாள் முழுதும் ஒருநாளும் விடக்கூடாது என்று மருத்துவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டிருந்த என் தந்தை கடைசியாக ஒன்று கேட்டார்.

“எங்கப்பாகிட்டயும் இது இருந்திருக்குமா?”

“இருந்திருக்கணும் ஐயா. ஒரு காப்பி.”

“அவரு கொல்லையில நின்னு கூப்பிட்டா மூணாவது வயல்ல திரும்பிப் பாப்பாங்கம்மா. அப்படி ஒரு கொரல்.”

“ஒரு வாசல் நல்லா இருந்தாலே போதும்,” என்றார் மருத்துவர்.

தந்தை தலையை அசைத்தார். தொட்டியத்துக்காரர் அவர் முதுகில் கைவைத்தார். அவர் அதை விலக்கவில்லை.

மூச்சு திரும்பியும் விழுங்குதல் திரும்பவில்லை. நாக்கையும் தொண்டையையும் இயக்கும் நரம்புகள் மெல்லவே விழிக்கும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். உணவுக்குழாய் மூக்கிலேயே இருந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று பார்க்க, விழுங்கும் பயிற்சி தரும் பெண் ஒருவர் வந்தார். நீரைவிடக் கெட்டியாக இருப்பது தொண்டைக்கு எளிதாம். அதனால் ஒரு கிண்ணத்தில் கெட்டித் தயிர் கொண்டுவரச் சொன்னார். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு விரல்களை அவள் கழுத்தில் மெல்லப் பதித்தார். தம்பி மனைவி கரண்டி நுனியில் சிறிதளவு தயிரை எடுத்தாள். தம்பி அந்தக் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டான்.

தயிர் உள்ளே போனது. வாய் மூடியது. கன்னம் அசைந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் ஒரு குழந்தையின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நாளெல்லாம் நாம் கணக்கின்றிச் செய்யும் அச்செயலில் எத்தனை தசைகள், எத்தனை நரம்புகள், அவற்றினுள் எத்தனை கோடி வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன், எண்ணி முடியவில்லை. கழுத்தின் நடுவே ஒரு சிறு மேடு தோன்றியது. அது மேலேறி, ஒருகணம் நின்று, இறங்கியது. இருமலில்லை. மூக்கில் ஏறவில்லை.

பயிற்சியாளர் விரல்களை எடுக்காமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார். “போயிடுச்சு. சுத்தமா போயிடுச்சு.”

தொட்டியத்துக்காரர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் தந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை மட்டும் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“சக்கரையே போடல,” என்றாள்.